தேசம்மா சும்மாடு சுற்றுவதற்குள்

போன ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரில் ஒரு வாசகர் கூட்டம். நூலகத்து மாடியில். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

கூட்டம் என்றால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும் என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிற உங்களுக்குத் தெரியும். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்தேன். விடுவார்களா? இழுத்துக்கொண்டு போய் மேடையில் உட்கார வைத்து, கழுத்தில் ஒரு மாலையையும் போட்டுவிட்டார்கள். மாலையை உடனே கழற்றுவதா, கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வதா? யாரும் சொல்லவில்லை. கடைசி வரை போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாமந்தி. கழுத்தெல்லாம் அரிப்பு.

கேள்வி நேரம் வந்தது. ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிற பெண் ஒருத்தி எழுந்தாள்.

"சார், நான் ஒரு நாவல் எழுதிட்டிருக்கேன். நூத்தம்பது பக்கம் ஆயிடுச்சு. ஆனா எங்கே ஒரு அத்தியாயத்தை முடிக்கிறது, எங்கே அடுத்ததை ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. நீங்க எதை வெச்சுப் பிரிப்பீங்க?"

நல்ல கேள்வி. படித்த எழுத்தாளர் என்றால் அரை மணி நேரம் பேசியிருப்பார். நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவன். வாயைத் திறந்தேன். ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"பொன்னேரி."

கூட்டம் சிரித்தது. நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கைதட்டக்கூடச் செய்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டாள்... "பொன்னேரி" என்று!

அது மனசை என்னவோ செய்துவிட்டது. விவரமாகச் சொல்ல அங்கே எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கே, காகிதத்தில் என்றால், எனக்குக் கொஞ்சம் வாய் உண்டு. இந்த வாரப் பக்கம் முழுக்க அந்தப் பெண்ணுக்குத்தான்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். அப்போது அங்கே தொழிற்பேட்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. செம்மண் ரோடு, முள்வேலி, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தகரக் கொட்டகைகள். வேலியைத் தாண்டினால் நெல் வயல். ஆலைச் சங்கு ஊதினால் வயலில் கொக்கு எழும்பும்.

எனக்கு எப்போதும் மத்தியான ஷிப்ட். வீடு செவ்வாப்பேட்டையில். காலையில் அங்கே ஒரு வண்டி ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி பாசஞ்சருக்கு மாறவேண்டும். ஒரு நாளைக்குப் பாதிப் பொழுது ரயில்தான். "நீங்க ரெயில்வேயிலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கலாம்" என்பாள் என் மனைவி.

ரயிலில் மனுஷன் என்ன செய்வான்? தூங்குவான், சீட்டு ஆடுவான், அரசியல் பேசுவான். எனக்குச் சீட்டும் தெரியாது, பேச்சும் வராது. ஒரு நீள நோட்டு வாங்கி, நாவல் எழுத ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

முதல் வண்டியில், செவ்வாப்பேட்டையிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரை எழுதுவேன். இரண்டாவது வண்டியில் ஜன்னலோரம் சாய்ந்து, எழுதியதை நினைத்துக்கொண்டே போவேன். எண்ணூர் தாண்டினால் உப்பளம். உச்சி வெயிலில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மின்னும். வானம் கீழேயா, மேலேயா? தெரியாது. எஞ்சினின் கரித்தூள் கண்ணில் விழாமல் பாதி மூடிக்கொண்டு பார்த்தால், என் கதையின் ஆட்கள் அந்த வரப்புகளில் நடந்து வருவார்கள். வண்டியின் வேகத்துக்கே நடப்பார்கள். எப்படி முடியும் என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

கதை இதுதான். ஆரணி ஆற்றங்கரையில் ஒரு கிராமம். கோமளா என்று ஒருத்தி. அவள் புருஷன் சபாபதி ஒரு நாள் விடியற்காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சந்தைக்குப் போய் ஒரு ஜோடி மாடு பிடிச்சினு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவ்வளவுதான். வரவில்லை. கோமளா தனியாக நின்று நாத்து விடுகிறாள், களை பறிக்கிறாள், அறுக்கிறாள். ஆள் வருவானா, மாட்டானா?

அத்தியாயமா? அப்படி ஒன்று வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. பேனாவில் மை இருக்கும் வரை எழுதுவேன். நூறு பக்கத்துக்கு மேல் ஒரே நீட்டு... மூச்சுவிட இடமில்லாமல்.

ஒரு நாள் இரண்டாவது வண்டியில் நன்றாகத் தூங்கிவிட்டேன். கனவில் யாரோ என் வரிகளைச் சத்தமாகச் சொல்வதுபோல் இருந்தது. "கோமளா கொடியிலிருந்து அவன் வேட்டியை எடுத்து மடித்தாள். யாருக்காக மடிக்கிறோம் என்று நினைக்கவில்லை..." என்ன அழகான கனவு! கண்ணைத் திறந்தேன். கனவு இல்லை. எதிர் பெஞ்சில் தேவராஜ். அவன் கையில் என் நோட்டு.

தேவராஜ் எங்கள் ஆலையில் பிட்டர். கொருக்குப்பேட்டையில் ஏறுவான். கண்ணில் பட்ட எதையும் சத்தமாகப் படிக்கிற ஆள். சுவர் விளம்பரம், பொட்டலம் கட்டிவந்த காகிதம், அபாயச் சங்கிலிக்குக் கீழே எழுதியிருப்பது... எல்லாவற்றையும் நாடக வசனம் மாதிரி படிப்பான். நோட்டு மடியிலிருந்து கீழே விழுந்திருக்கிறது, எடுத்துவிட்டான்.

"இன்னா சார் இது, கதை மாதிரி கீது? யாரு எழுதனது?"

நான்தான் என்று ஏன் சொல்லவில்லை? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாக்கு அப்படிப் புரண்டது.

"ஒரு... பிரெண்டு."

"பிரெண்டா? கோழி கிண்டன மாதிரி எழுதிக்கீறாரு. ஆனா படிக்க சொல்ல நல்லாத்தான் கீது."

"ஏய், நிறுத்தாத. அப்பால இன்னா ஆச்சி? அந்த ஆளு வந்தானா?" என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல்.

அதுதான் தேசம்மா.

பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரர். விடியற்காலையில் இறாலும் மடவை மீனும் கூடையில் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் மார்க்கெட்டுக்கு வருவார். விற்று முடித்து, மத்தியானம் இந்த வண்டியில் திரும்புவார். பெஞ்சில் உட்கார மாட்டார். "நான் குந்தனா நீங்கள்லாம் மூக்கப் புடிச்சினு எழுந்துருவீங்க" என்று சிரித்துக்கொண்டே, கதவோரம் தரையில், காலிக் கூடையைப் பக்கத்தில் வைத்து உட்காருவார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

அன்றையிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கொருக்குப்பேட்டையில் தேவராஜ் ஏறுவான், கையை நீட்டுவான், நான் நோட்டைக் கொடுப்பேன். காலையில் முதல் வண்டியில் எழுதியது மத்தியானம் இரண்டாவது வண்டியில் அரங்கேறும். எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்? ஆனால் அரங்கில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காது சிவக்க உட்கார்ந்திருப்பேன்.

திட்டும் என் காதிலேதானே விழும்!

"யோவ் சார், உன் பிரெண்டு கைல சொல்லு. ரெண்டு பக்கமா வாய்க்கா ஓரமே நடந்துனு கீறா அவ. எப்பதான் ஊடு போய்ச் சேருவா?" என்பான் தேவராஜ்.

"சொல்றேன்."

"கோவிச்சுக்குவாரா?"

"மாட்டார். நல்ல மாதிரி."

முதல் பாடம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு முதல் நாள் மழையைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தேன். என் வாழ்நாளில் அப்படி எழுதியதில்லை. ஏரி நிரம்புகிறது, தவளை கத்துகிறது, கூரை ஒழுகும் இடத்தில் கோமளா பாத்திரம் வைக்கிறாள், பாத்திரத்தில் சொட்டுகிற சத்தத்தில் புருஷனின் நடையைக் கேட்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அது பொன்னேரிக்கு அப்புறம், கவரைப்பேட்டையில்தான் படிக்கப்பட்டது. தேசம்மா இறங்கிவிட்டிருந்தார்.

மறுநாள் ஏறினவுடனே கேட்டார். "நேத்து நான் எறங்கனப்பறம் இன்னா ஆச்சிடா தேவராசு?"

"ஒண்ணும் ஆவல யக்கா. மழ பேஞ்சுது."

நாலு பக்கம்! மழை பெய்தது... முடிந்தது.

எனக்கு அழுகை வராத குறை. ஆனால் ஆலைக்குப் போய் நட்டு, போல்ட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டே யோசித்தேன். தேவராஜ் பொய் சொல்லவில்லையே? அந்த நாலு பக்கத்தில் மழைதானே பெய்தது? அடுத்த நாளுக்கு எடுத்துப் போக அதில் என்ன இருந்தது? அதோடு, பாத்திரத்தில் சொட்டும் நடைச் சத்தத்தைத் தேசம்மா கேட்டிருந்தால் ரசித்திருப்பார். அவருக்கு அது போய்ச் சேரவில்லை. கவரைப்பேட்டையில் வைத்தது என் தப்பு.

அன்றைக்குத்தான் முதல் முறையாக நோட்டில் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே "2" என்று எழுதினேன். அத்தியாயம் பிறந்தது இப்படித்தான்!

அதற்கப்புறம் எழுதுகிறபோதே ரயில் பாதை கண்ணுக்கு முன்னால் ஓடும். கொருக்குப்பேட்டையில் கூட்டம் ஏறும், சத்தம். அங்கே முக்கியமான பேச்சு எதையும் வைக்கக்கூடாது, சும்மா கோமளா கோழியைத் திறந்துவிடட்டும். திருவொற்றியூர் தாண்டினால் இடம் கிடைத்து எல்லாரும் சாய்வார்கள். அப்போது யாராவது கதவைத் தட்டவேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அத்திப்பட்டு உப்பளத்தில் வண்டியே பேசாமல் போகிற மாதிரி இருக்கும். மனசில் இருப்பதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. கோமளா அழுததெல்லாம் அங்கேதான்.

முடிவு பொன்னேரியில் என்று முதலில் நினைத்தேன். அதுவும் தப்பு. அனுப்பம்பட்டு தாண்டினதுமே தேசம்மா மடியிலிருந்து துணியை எடுத்து, தலைக்குச் சும்மாடு சுற்ற ஆரம்பிப்பார். கூடையில் அரிசி, வெற்றிலை, பேரனுக்கு வாங்கிய பொரி எல்லாம் இருக்கும்; தூக்கி வைத்துக்கொண்டு தயாராக நிற்க வேண்டும், வண்டி நிற்பது ஒரு நிமிஷம். சும்மாடு சுற்றத் தொடங்கிவிட்டால் காது இங்கே இருக்காது. அத்தியாயம் அதற்குள் முடியவேண்டும். முடிந்தும் முடியாமலும் முடியவேண்டும். சும்மாடு சுற்றுகிற கை ஒரு நொடி நின்றால்... அன்றைக்கு நான் ஜெயித்தேன். சில நாள் பொன்னேரி சிக்னலில் வண்டி நிற்கும். அந்த நாலைந்து நிமிஷம் இனாம். இனாமை நம்பி மட்டும் எழுதக்கூடாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எத்தனை மாசம் இப்படி ஓடியது? கணக்கில்லை. சோம்பலான, வெள்ளையான மத்தியானங்கள். இப்போது நினைத்தாலும் எல்லாம் ஒரே நாள் போல இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை, தேசம்மா வழக்கம்போல "வந்தானா?" என்று கேட்கவில்லை. கூடையை இறக்கிவிட்டு அதன் பின்னலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னா யக்கா, மார்க்கெட்டுல பேஜாரா?" என்றான் தேவராஜ்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சனிக்கிழமையோட எனக்கு இந்த ரயிலு கடைசி. புள்ள விசாகப்பட்டினத்துல கப்பல் வேலைக்குப் பூட்டான் இல்ல? ஊடு பாத்துட்டானாம். வந்துடுன்றான். எத்தினி நாளு கூடை தூக்குவ, வந்துடுன்றான்."

"நல்லதுதான யக்கா! குந்தினு சாப்புடு."

"நல்லதுதான்..." என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நைனா, உன் பிரெண்டுக்கு இன்னும் எத்தினி நாளு எழுதணும்?"

நான் ஏற்கெனவே திட்டம் போட்டு வைத்திருந்தேன். முடிவுக்கு முன்னால் இன்னும் பன்னிரண்டு அத்தியாயம். "ஒரு... பதினஞ்சு நாள் ஆகும்."

"அங்க எல்லாம் தெலுங்கு. எவன் எனக்குத் தமிழ்ல படிச்சிக் காட்டுவான்? எனக்கோ எழுத்து தெரியாது. சனிக்கிழமக்குள்ள முடிக்கச் சொல்லு நைனா. அந்த ஆளு வந்து நின்னா அவ இன்னா பண்றான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

"அவ்ளோ ஆசையா யக்கா?" என்று தேவராஜ் சிரித்தான்.

தேசம்மாவும் சிரித்தார். "என் ஊட்டுக்காரரும் அப்டித்தான்டா. காக்கிநாடாவுல வலை நூலு நல்லா கீதாம், வாங்கினு வரேன்னு போனாரு. பதினோரு வருசம். ஒரு நா மத்தியானம், வெறுங்கைய வீசினு வந்து நிக்கறாரு."

"இன்னா பண்ண?"

"இன்னா பண்ணுவாங்க? சோறு போட்டேன். ஒரு வார்த்த கேக்கல."

"அதான் யக்கா உன் பெருந்தன்மை!"

தேசம்மா வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் பார்த்தேன். வெயிலில் கோமளா வரப்பில் நடந்து கொண்டிருந்தாள். ஒரு தரம் வண்டியைத் திரும்பிப் பார்த்தது போல இருந்தது.

அன்றைக்கு வேலையில் மனசு ஓடவில்லை. ஐந்து நாளில் பன்னிரண்டு அத்தியாயம் எப்படி எழுதுவது? என்னென்ன இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். கோமளாவின் அண்ணன் வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போவது. கோமளா திருப்பதிக்கு நடந்தே போவது. பக்கத்து வீட்டுக் கல்யாணம். சபாபதியை ரேணிகுண்டாவில் பார்த்ததாக ஒருவன் சொல்வது. அப்புறம் இன்னொருவன் கூடூரில் பார்த்ததாகச் சொல்வது...

ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். இது இல்லாவிட்டால் தேசம்மா கேட்பாரா? கோர்ட்டு வழக்கு இல்லாவிட்டால் கேட்பாரா? மாட்டார். கல்யாணம்? அதையும் கேட்க மாட்டார். திருப்பதிக்கு மட்டும் கை கொஞ்சம் தயங்கியது... நடக்கிற வர்ணனை நன்றாக வரும் என்று ஒரு சபலம். அடித்தேன். பன்னிரண்டும் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் வந்து நிற்கிறான். அவள் என்ன செய்கிறாள்?

அப்படியானால் இத்தனை நாளாக அந்தப் பன்னிரண்டு அத்தியாயம் எதற்கு? எனக்குத்தான், வேறு யாருக்கு? முடிவுக்குப் போகப் பயந்துகொண்டு நான் கட்டி வைத்திருந்த வேலி அது.

செவ்வாயிலிருந்து வெள்ளி வரை கோமளாவை மெதுவாக அவள் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தேன். கடைசி அத்தியாயத்தைச் சனிக்கிழமை காலை செவ்வாப்பேட்டை வண்டியில் எழுதி முடித்தேன். அதில் ஒரு காரியம் செய்திருந்தேன். தேசம்மா சொன்னதையே வைத்தேன். சபாபதி வருகிறான். கோமளா கால் அலம்பத் தண்ணீர் வைக்கிறாள், இலை போடுகிறாள், சோறு போடுகிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெருந்தன்மை! தன் வாழ்க்கையே கதையாக நிற்பதைக் கேட்டால் தேசம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்? எழுதிவிட்டு எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

சனிக்கிழமை தேசம்மா புதுப் புடவையில் வந்தார். வழக்கமான இடத்திலேயே, தரையில்.

வழக்கமாக வழியெல்லாம் நின்று முக்கால் மணி நேரம் தாமதமாகப் போகும் பாசஞ்சர் அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு ஓடியது. தேவராஜோ கடைசி நாள் என்று ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி, குரலை ஏற்றி இறக்கிப் படித்தான். மீஞ்சூர் போனது. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அனுப்பம்பட்டு போனது. தேசம்மா சும்மாடு சுற்ற ஆரம்பித்தார். "படலைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் உள்ளே வந்தான். தாடி நரைத்திருந்தது. தோளில் அதே மாதிரி ஒரு துண்டு..." என்று தேவராஜ் படித்தான். இன்னும் இரண்டு பக்கம் பாக்கி. சிக்னலாவது நிறுத்துமா? சிக்னல் கை இறங்கியிருந்தது. வண்டி நேராக பிளாட்பாரத்துக்குள் போய்விட்டது.

தேசம்மா இறங்கினார். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஜன்னலுக்கு வந்தார்.

"வந்துட்டான் யக்கா! வந்துட்டான்!" என்று தேவராஜ் கூவினான்.

"அதான் படிச்சியேடா, வந்தான்னு. கேட்டாளா?"

"இன்னா கேட்டாளா?"

"அவன ஒரு வார்த்த கேட்டாளா, இல்லியா? பாரு!"

தேவராஜ் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினான். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. கார்டு விசில் ஊதினார்.

தேசம்மா அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நைனா... அவ கேட்டாளா?"

திங்கட்கிழமை அவர் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "ஒரு வார்த்த கேக்கல" என்று சொன்னாரே, நான் பெருமையாக எடுத்துக்கொண்டேனே, அது முள். தொண்டையில் சிக்கின மீன் முள். வந்தானா, வந்தானா என்று இத்தனை மாசமாகக் கேட்டது அந்த ஆளுக்காக இல்லை. வந்தால்தானே கேட்கலாம்?

வண்டி நகர்ந்தது. என் நோட்டில் கோமளா வாயை மூடிக்கொண்டு சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு கத்தினேன். "கேட்டா! கேட்டுட்டா! சோறு போடறதுக்கு முன்னாடியே கேட்டா!"

வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் எதுவும் சொன்னதில்லை. பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தேசம்மாவுக்குக் கேட்டதா? கேட்டது. பஸ்ஸுக்கு ஓடவேண்டியவர், தலையிலிருந்த கூடையை இறக்கிப் பிளாட்பாரத்தில் வைத்துவிட்டார். இரண்டு கையும் காலியாக, நிமிர்ந்து நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புடவையின் நிறம் மட்டும் தெரிகிற வரை, அப்புறம் அதுவும் வெயிலில் கரைகிற வரை, நானும் பார்த்தேன்.

பின்னால் தேவராஜின் குரல். ஒட்டிய தாளைப் பிரித்திருந்தான்.

"சார், இதுல சோறுதான போடறா? ஒரு வார்த்தை கேட்கவில்லைன்னு எழுதிக்கீது?"

"தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. தேவராஜ் என்னையே பார்த்தான். நோட்டை மூடி என் மடியில் வைத்தான்.

"செரி. அப்ப இன்னாதான் கேட்டா? சொல்லு சார்."

"தெரியலே."

"பொன்னேரி முழுக்க கேக்கற மாதிரி கத்திட்டு தெரியலியா? கும்மிடிப்பூண்டி வர்றதுக்குள்ள எழுது. நாங்க எறங்கணுமில்ல?"

பேனாவைத் திறந்தேன். அத்தனை பேர் பார்க்க. கவரைப்பேட்டையில் வண்டி நின்றபோது கோமளா முற்றத்தில் நின்றாள். சபாபதி படலருகே நின்றான். அவள் அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். அப்புறம் அவன் தோளுக்கு மேலே, அவனுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாடு எங்கே?" என்று கேட்டாள்.

தேவராஜ் படித்தான். பெட்டியில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கதை ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். முடிவு சட்டென்று வந்துவிட்டது, இன்னும் பத்து வாரம் ஓட்டியிருக்கலாம் என்று கடிதம் எழுதினவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் என்ன சொல்ல? ஓட்டியிருக்கலாம்தான். வண்டி நிற்க வேண்டாமா?

கோமளா என்ன கேட்டாள் என்பது தேசம்மாவுக்குத் தெரியாது. அந்தக் குறை எனக்கு ரொம்ப நாள் இருந்தது. இப்போது இல்லை. பதினோரு வருஷம் கழித்து வெறுங்கையோடு வந்தவரைக் கேட்க வேண்டிய கேள்வி தேசம்மாவிடமே இருந்தது. ஒருத்தி கேட்டாள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இப்போது அந்தப் பாதையில் மின்சாரக் கம்பம் நடுகிறார்களாம். வண்டி வேகமாகப் போகுமாம். அத்தியாயத்தை இன்னும் சின்னதாக்க வேண்டி வரும் போலிருக்கிறது!

அம்மா, ஆசிரியர் பயிற்சிப் பெண்ணே... பொன்னேரி என்று எழுதிக்கொண்டாயே, அதை அடித்துவிடாதே. உன் நூற்றைம்பது பக்கத்தையும் எடுத்துக்கொண்டு நீ தினம் போகிற பஸ்ஸில் ஏறு. யார் கேட்கிறார்கள் என்று பார். அவர் எங்கே இறங்குகிறார் என்று பார்.

மாலையைக் கழற்ற மட்டும் மறந்துவிடாதே, அரிக்கும்.